அப்பாவுக்கு நான் போடாத மண்

அந்த எண்ணம் முதன்முதலாக வந்தது தீபாவளிக்கு இரண்டு நாள் இருக்கும்போது, நோர்வூட் டவுனில் ஒரு துணிக்கடைக்குள். ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு அங்கே வேலைக்கு நின்றேன். தேயிலைத் தோட்டத்துச் சனம் முழுக்கக் கடைக்குள்தான் இருந்தது. ஒரு அக்கா சேலையை இழுக்கிறார், இன்னொருவர் பிள்ளையின் முதுகில் சட்டையை வைத்து அளவு பார்க்கிறார், வெளியே மழை. அந்த நெரிசலில் கடைக்கார நானா கையிலிருந்த துணியை மடித்து வைத்துவிட்டுப் பின்பக்கம் போனார். குழாயில் கை, வாய், முகம், கால் எல்லாம் கழுவினார். துணிப் பொதிகளுக்கு நடுவில் பாயை விரித்துத் தொழ நின்றார். ஏழெட்டு நிமிடம் இருக்கும். திரும்பி வந்தபோது அவர் முகம் வேறாக இருந்தது.

"என்னா மகன் பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? அந்தத் தாய்க்கு மஞ்சள் சேலைய எடுத்துக் காட்டுங்க."

நான் எதிலும் நின்றவன் இல்லை. கம்ப்யூட்டர் கோர்ஸ் பாதியில், சிங்களக் கிளாஸ் பாதியில். சாப்பிடும்போது ஃபோன், பஸ்ஸில் ஏறியதும் அடுத்த பஸ்ஸைப் பற்றிய யோசனை. "இவன் ஒடம்புக்குள்ள என்னமோ மோட்டர் ஓடுது" என்பார் அம்மா. ஒரு மனிதன் ஒரு நாளில் ஐந்து தடவை எல்லாவற்றையும் விட்டுவிட்டு நிற்கலாம் என்பதே எனக்குப் புதுச் செய்தி. அது எனக்கும் வேண்டும் என்று தோன்றியது. அவ்வளவுதான். பெரிய காரணம் ஒன்றும் இல்லை.

பிறகு பல மாதம் வாசித்தேன், கேட்டேன், சண்டை பிடித்தேன், மறுபடி வாசித்தேன். கடைசியில் பள்ளிவாசலில் போய்க் கலிமா சொல்லி முஸ்லிமானேன். லயத்து வீடுகளில் யாரும் நம்பவில்லை. ஒரு பெண்ணுக்காகத்தான் மாறியிருப்பான் என்று அந்தப் பெண்ணைத் தேடித் தேடிக் களைத்தார்கள். "நம்ம தம்பி பாயாகிட்டாரு. இனி நமக்கு பிரியாணிக்குப் பஞ்சமில்ல" என்றார் பக்கத்துக் காம்பரா மாமா. எல்லாரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. கொழுந்து எடுக்கப் போகிறவர், இரண்டு நாள் காலையில் ஆள் எண்ணுகிற பெரட்டுக்கே போகாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

அப்பா வேறு மாதிரி. ஃபெக்டரியில் கொழுந்து வாட்டுகிற மாடியில் வேலை செய்து ஓய்ந்தவர். மெதுவாகப் பேசுவார், அதிலும் பாதியை இருமல் தின்றுவிடும். எங்கள் லயத்தில் குழாய் வெளியே. விடிவதற்கு முன் அந்தத் தண்ணீரில் கை வைத்தால் விரல் செத்துப்போகும். முதல் வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு, தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளு செய்தேன். இரண்டாவது வாரம் வாசற்படியில் ஒரு கேத்தல் சுடுதண்ணீர் இருந்தது.

"இது யாருக்குப்பா?"

"ஒனக்குத்தான். மொகம் கழுவுறியே, குளிருமில்ல."

தொழுகை என்ற சொல் கடைசிவரை அவர் வாயில் வரவில்லை. அவருக்கு அது முகம் கழுவுவது. காலையில் ரேடியோவில் முருகன் பாட்டுக் கேட்பார். நான் உள்ளே பாயை விரித்ததும் சத்தத்தைக் குறைப்பார். முடித்துச் சலாம் கொடுத்ததும் பழையபடி கூட்டுவார்.

அந்த நாட்களில் எனக்குள் நடந்ததை எப்படிச் சொல்வது? கையை மூன்று தடவை கழுவும்போது மூன்றுக்கு மேல் வேறு எதையும் எண்ண வேண்டியதில்லை. பிஸ்மில்லாஹ் சொல்லிவிட்டு ரொட்டியைப் பிய்க்கும்போது ரொட்டியின் சூடு தெரிந்தது. அதுவரை எத்தனை ஆயிரம் ரொட்டியை வெறுமனே விழுங்கியிருக்கிறேன். நெற்றி தரையில் பட்டதும் உள்ளே ஓடிக்கொண்டிருந்த மோட்டர் ஒரு கணம் நிற்கும். ஒரு கணம்தான். அந்த ஒரு கணத்துக்காக அடுத்த நேரம் வரை காத்திருப்பேன்.

ஆனால் என் புத்திதான் அதோடு அடங்கவில்லையே. தொழுகை கிடைத்தது போதாது, சட்டம் வேண்டும். ஃபோனில் வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். எது கூடும், எது கூடாது என்று ஒரு கொப்பி நிறைய எழுதினேன். கூடாத பக்கம்தான் சீக்கிரம் நிறைந்தது.

அப்பா மழைக்காலத்தில் போனார். ஒரு காலை மூச்சு முட்டியது. ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே என் தோளில் சாய்ந்து முடிந்துவிட்டார்.

மறுநாள் காம்பரா நிறையச் சனம். மூத்த மகன் என்று என்னைக் கூப்பிட்டார்கள். கொள்ளிச் சட்டி தூக்க முடியாது என்று முன்பே சொல்லிவிட்டேன், தம்பி ஒப்புக்கொண்டான். அதில் யாரும் பெரிதாக முரண்டு பிடிக்கவில்லை. பிறகு வாய்க்கரிசி போடுகிற நேரம். எல்லாரும் ஒவ்வொருவராகப் போட்டார்கள். நான் வெளியே, மழைத்தண்ணீர் ஓடும் காணுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அம்மா எழுந்து வாசல்வரை வந்தார். உள்ளங்கையில் அரிசி.

"அப்பாவுக்குத்தானடா. ஒரு பிடி."

"அது கூடாதும்மா."

கேட்கிறமாதிரிச் சொன்னேன். அவ்வளவு சத்தமாகச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. அம்மா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். கையிலிருந்த அரிசி ஈரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. "அப்ப நான் செத்தாலும் நீ இப்படித்தான் வெளியில நிப்பியா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார்.

பாடை தூக்கினார்கள். தோள் கொடுக்கலாமா என்று கொப்பியில் நான் எழுதியிருக்கவில்லை. தெரியாததால் கொடுக்கவில்லை. மலைச்சரிவில் குழி வெட்டியிருந்தார்கள், ஆளுக்கு ஒரு பிடி மண் போட்டார்கள். அதையும் சந்தேகத்தில் விட்டேன். என்னைத் தோளில் தூக்கி வளர்த்தவருக்கு நான் செய்தது, சப்பாத்தில் சேறு அப்பப் பின்னால் நடந்து போனது மட்டும்.

கடைக்குத் திரும்பிய அன்று நானா கேட்டார். "வாப்பாட குழிக்கு மண்ணு போட்டீங்களா மகன்?"

"இல்ல நானா."

"ஏன், ஆரு வேணாண்டு சொன்ன?"

யாரும் சொல்லவில்லை. அவர் துணி மடித்தார். நானும் மடித்தேன். ஒரே துணியை மூன்று தடவை மடித்தேன்.

பிறந்ததிலிருந்தே முஸ்லிமாக இருக்கிற மனிதர் யோசிக்காமலே செய்திருக்கக் கூடியதை, நேற்று வந்த நான் மார்க்கத்தைக் காப்பாற்றுகிற மாதிரி நினைத்துக்கொண்டு செய்யாமல் விட்டேன். அரிசியைப் பற்றி என் மனம் இன்றும் மாறவில்லை. அதை நான் போட மாட்டேன். ஆனால் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக, உள்ளே போய் அப்பாவின் காலடியில் உட்கார்ந்து அதைச் சொல்லியிருக்கலாம். மண் போடவும் தோள் கொடுக்கவும் என்ன தடை?

அதற்குப் பிறகு கொஞ்ச காலம் தொழுகை வெறும் உடம்பு அசைவாக இருந்தது. கை கழுவினால் கை மட்டும் கழுவப்பட்டது. விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். விடவில்லை. பழக்கம் என்னை இழுத்துக்கொண்டு போய் நிறுத்தியது. ஒரு நாள் பின்னேர அஸர் தொழுகையில், கடையின் பின்பக்கம், நெற்றியைத் தரையில் வைத்தவன் எழவில்லை. அழுதேன். யாரும் அவசரப்படுத்தவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தபோது துக்கம் அப்படியே இருந்தது, ஆனால் அதை வைத்துக்கொண்டு நிற்க முடிந்தது. அமைதி என்று நான் இப்போது சொல்வது அதைத்தான். முன்பு நினைத்தது வேறு.

அம்மா என்னோடு பேசுவதில்லை. "அவன்கிட்ட சொல்லு, ரொட்டி மூடி வச்சிருக்குன்னு" என்று தம்பியிடம் சொல்வார். நான் பக்கத்தில்தான் நிற்பேன். "அம்மாகிட்ட சொல்லு, சாப்பிட்டுட்டேன்னு" என்பேன். "நான் என்ன உங்க ரெண்டு பேருக்கும் டெலிபோனா?" என்று அவன் கத்துவான். அதற்கும் அம்மா சிரிப்பதில்லை.

போன வாரம் தம்பி வந்து சொன்னான், மழையில் அப்பாவின் குழி ஒரு பக்கம் உள்வாங்கிவிட்டது, யாராவது மண் நிரப்ப வேண்டும் என்று. நான் செய்கிறேன் என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு வேலை இல்லை. அன்று காலை அவரிடம் நேராகப் பேசப் போகிறேன். கற்பூரம் கொளுத்த மாட்டேன், படையல் சோறு தொட மாட்டேன், அதை ஒளிக்கப் போவதில்லை. அதோடு சேர்த்து, அன்று வாசலில் அவர் கேட்ட கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும்: வெளியில் நிற்க மாட்டேன்மா, நானே குழி வெட்டுவேன், முதல் தோள் என்னுடையது. மகன் தாயிடம் சொல்கிற பேச்சா இது? வேறு பேச்சு எனக்குத் தெரியவில்லை.

பிறகு, அப்பாவைப் பார்க்கக் கூட வர்றியாம்மா என்று கேட்பேன். வரலாம், வராமலும் இருக்கலாம். மண் நிரப்ப மம்பட்டி இரவல் கேட்டிருக்கிறேன், சனிக்கிழமை பின்னேரம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.