ஆக்ராக் கோட்டையில் ஒரு கமக்காரர்

கைத்தொலைபேசியில் நாலு படம் பார்த்துவிட்டு ஆக்ராக் கோட்டைக்குள் வழிகாட்டப் புறப்பட்ட மடையன் நான். என்னை நம்பி வந்தவர், கிளிநொச்சியிலிருந்து எங்களோடு சுற்றுலா வந்த ஸ்கந்தபுரத்துக் கமக்காரர். சாரத்தை மடித்துக் கட்டிய, வயல்வேலையில் காய்ந்த ஒல்லி மனிதர். நான் சக்கரவர்த்தியின் மாடங்களைக் காட்டக்காட்ட, அவர் நிலத்தில் ஓடும் வாய்க்கால்களையே பார்த்தார்.

பஸ் வெளிக்கிடப் பத்து நிமிடம். அதே முற்றத்துக்கு மூன்றாம் முறையும் வந்து சேர்ந்தோம்.

“தம்பி, வழி தெரியுமோ?”

“ஓம் அண்ணை, கிட்டத்தான்.”

அவர் என் முகத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு, சற்றுமுன் பெய்த மழைத்தண்ணீர் ஓடிய கல்வாய்க்காலோடு இறங்கி நடந்தார்.

“தண்ணி வெளியில போகாமல் வேற எங்க போறது?”

வாய்க்கால் எங்களை வாசலில் கொண்டுபோய் விட்டது. ஓடிப்போய் பஸ்ஸைப் பிடித்தோம்.

மூச்சு வாங்கியபடி கேட்டேன்: “அண்ணை, நாளைக்கு டில்லிக் கோட்டைக்கும் சேர்ந்து போவமே?”

“போவம். நீர் பின்னால வாரும்.”