எக்ஸ் இல்லாத டாக்சி

ஞாயிறு காலை எட்டரை மணி, கோலாலம்பூர். தெற்குப் பேருந்து முனையத்தில் கால் வைத்ததுமே என் தொழில் புத்தி வேலையைக் காட்டிவிட்டது. சங்கரன்கோவில் பக்கத்துப் பள்ளி ஒன்றில் ஆங்கிலம் நடத்துகிறவள் நான். எழுத்துப் பிழையைக் கண்டால் கை அரிக்கும். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில் திருத்தம் போட்டு வசவு வாங்கியவள். அப்படிப்பட்டவளை அந்த முனையத்தில் கொண்டுவந்து நிறுத்தினால் என்ன ஆகும்? கவுன்டருக்கு முதல் எழுத்து கே. டிக்கெட்டில் சி-யைக் காணோம். எக்ஸ்பிரஸில் எக்ஸ் இல்லை, டாக்சியிலும் எக்ஸ் இல்லை. பஸ்ஸை பி, ஏ, எஸ் என்று எழுதி, அதையும் வெளிச்சம் போட்டுக் காட்டியிருந்தார்கள்.

முப்பத்தெட்டு ரிங்கிட் கொடுத்துக் கேமரன் மலைக்குச் சீட்டு வாங்கினேன். பக்கத்து இருக்கையில் கிள்ளானிலிருந்து வந்த ஒரு தமிழ்ப் பெண்மணி, ஊர், வேலை எல்லாம் விசாரித்தார். ஒவ்வொரு பலகையாகப் படித்து நான் சிரிப்பதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டே வந்தார்.

"தப்புன்னு நெனைக்காதீங்க டீச்சர். அது மலாய். இங்கிலீஷ்லருந்து எடுத்துக்கிட்டு, காதுல கேக்குற மாதிரியே எழுதிக்கிட்டாங்க. ஈசிலா."

"கேக்குற மாதிரியே எழுதினா என் வேலை போயிடுமே" என்றேன். அவர் சிரித்துவிட்டுக் கொய்யாப்பழத் துண்டு ஒன்றை நீட்டினார். உப்பு தொட்டு இரண்டு பேருமாகத் தின்று தீர்த்தோம்.

தாப்பாவில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கியதும் மலை தொடங்கியது. அங்கிருந்து ரிங்லெட் நாற்பத்தாறு கிலோமீட்டர்தான், ஆனால் நேராக ஓடுகிற சாலை ஒரு கூப்பிடு தூரம்கூடக் கிடையாது. ஓரத்துக் குடிசைகளில் கொத்துக் கொத்தாய்ப் பெத்தாய் அவரை தொங்குகிறது. மூங்கிலுக்குள் வேகவைத்த சோற்றைப் பிளந்து விற்கிறார்கள். நான் முன் இருக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியதுதான் தெரியும். ரிங்லெட்டில் இறங்கும்போது மணி ஒன்றரை, குளிருக்குப் பல் தந்தியடித்தது.

தம்பி முத்து மோட்டார் சைக்கிளில் வந்து நின்றான். பத்து வருடத்துக்கு முன் இந்த மலைக்கு ரொட்டி சானாய், அதாவது நம்மூர்ப் பரோட்டா, போட வந்தவன். பதின்மூன்று கிலோமீட்டர் தள்ளி தானா ராத்தாவில், கடையநல்லூர் பாய் ஒருவரின் சாப்பாட்டுக் கடையில் இன்னும் அதே வேலை. வந்த இடத்தில் பரிமளாவைக் கட்டிக்கொண்டு ரிங்லெட்டிலேயே தங்கிவிட்டான். நான் அவளை நேரில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. வாசலில் நின்றவள், "வாங்க அண்ணி" என்று பையை வாங்கிக்கொண்டாள். உள்ளே அவளுடைய அம்மா அஞ்சலையம்மா, போர்வைக்குள் முகம் மட்டும் தெரிய, டிவி பார்த்துக்கொண்டிருந்தார். இந்த மலையில் தேயிலைக் கொழுந்து பறித்து ஓய்ந்தவர். எனக்கு அத்தை முறை.

திங்கட்கிழமை விஷயம் வெளியே வந்தது. பரிமளாவுக்கு ஒரு தேயிலைத் தோட்டத்தின் டீக்கடையில் வேலை. கடை என்றால் நம்மூர்ப் பெஞ்சுக் கடை இல்லை. கண்ணாடி போட்ட பெரிய கூடம், சுற்றுலாக்காரர்கள் சரிவைப் பார்த்துக்கொண்டே டீ குடிக்கிற இடம். அங்கே கோப்பை கழுவுகிறாள், கூட்டம் அதிகமானால் பரிமாறுகிறாள். தொழிற்சாலையைச் சுற்றிக் காட்ட இப்போது ஓர் ஆள் தேவைப்படுகிறதாம். வியாழக்கிழமை மேனேஜர் முன்னால் உட்கார்ந்து ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதிக் காட்ட வேண்டும்.

"வெள்ளைக்காரங்ககிட்ட நல்லா பேசுவேன் அண்ணி. எழுதுறதுதான் வராது. போன வருஷமும் இதே வேலை காலியாச்சு. எழுதிக் குடுத்தேன். ஆபீஸ்ல ஒருத்தரு படிச்சிட்டு இன்னொருத்தருக்குக் காட்டுனாரு. ரெண்டு பேரும் சிரிச்சாங்க. இந்தத் தடவையும் சிரிச்சா, அப்புறம் கேக்கவே மாட்டேன். கோப்பையே கழுவிக்கிறேன்."

அதை அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் சுருக்கென்றது. ஒரு பக்கம் எழுதச் சொன்னேன். எழுதினாள். நான் சிவப்புப் பேனாவை எடுத்தேன்.

மெஷினில் சி-யும் இல்லை, எச்-சும் இல்லை. நடுவில் ஓர் எஸ். குவாலிட்டிக்கு முதல் எழுத்து கே, கடைசி எழுத்து ஐ. கிரேடு ஜி, ஆர், இ, டி என்று குட்டையாய் நின்றது. பிராசஸ், பேக்கேஜ், லாரி எல்லாம் அதே கதி. பத்து நிமிடத்தில் தாள் சிவந்துவிட்டது. நிமிர்ந்து பார்த்தால் பரிமளா இல்லை. அடுப்படியில் மிளகாய்ச் சம்பலைக் கிண்டுகிற சத்தம் கேட்டது.

"வந்த மறுநாளே நாத்தனார் வேலைய ஆரம்பிச்சிட்டியா?" என்றான் முத்து. எனக்கு ரோஷமாக வந்தது. வெட்கமாகவும் இருந்தது.

செவ்வாய் மாலை காய்கறி வாங்கக் கிளம்பினோம். அவர்களுடைய பழைய காரைப் பரிமளா ஓட்டினாள். தானா ராத்தாவைத் தாண்டியதும் வண்டிகள் வரிசையாக நின்றுவிட்டன. பள்ளி விடுமுறைக் கூட்டம். மழை வேறு பிடித்துக்கொண்டது. நேற்றைய சிவப்பு இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்ததால் பேச்சு ஓடவில்லை. சும்மா இருக்க முடியாமல் பரிமளா பலகைகளை வாய்விட்டுப் படிக்கத் தொடங்கினாள். ஃபார்மசி, போலீஸ், கிளினிக், ஸ்ட்ராபெரி, ஐஸ்கிரீம். ஒன்றில்கூடத் தடுமாறவில்லை. அவள் படிக்கப் படிக்க நானும் அந்த எழுத்துகளைப் பார்த்தேன். எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"பரிமளா, வண்டிய ஆஃப் பண்ணு. எப்படியும் நகரப் போறதில்ல. நீ நேத்து ஒரு தப்புகூட எழுதல."

அவள் என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். "சும்மா சொல்லாதீங்க அண்ணி. தாளே ரத்தமா கெடந்துச்சு."

"அத்தனையும் சரியான மலாய். நீ படிச்சது மலாய்ப் பள்ளிக்கூடம். அங்க சொல்லிக் குடுத்தபடி ஒழுங்கா எழுதியிருக்க. உனக்கு எழுத்து தெரியாம இல்ல. வார்த்தைக்குச் சட்டை மாத்திவிடணும், அவ்வளவுதான்."

கார்க் கண்ணாடி முழுக்க ஆவி படிந்திருந்தது. விரலால் அவள் பக்கத்தில் மலாய் ஸ்ட்ராபெரியை எழுதச் சொன்னேன். என் பக்கத்தில் ஆங்கில ஸ்ட்ராபெரியை எழுதினேன். அவள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு லாரியை எழுதினாள், இண்டஸ்ட்ரியை எழுதினாள், ஃபார்மசியை எழுதினாள். எதிர்ப்பக்கத்தில் நான் எழுதிக்கொண்டே வந்தேன்.

"வால்ல ஐ இருந்தா, இங்கிலீஷ்ல ஒய்" என்றாள்.

சொல்லிக் கொடுக்காமல் ஒரு மாணவி விதியைக் கண்டுபிடிக்கிறதை விட எங்கள் தொழிலில் வேறு என்ன சந்தோஷம் இருக்கிறது? குவாலிட்டிக்கும் அது சரியாக வந்தது. அடுத்து டாக்சியை எழுதி வாலில் ஒய் போட்டாள்.

"அது மட்டும் இல்ல. டாக்சிக்கு ஐ-தான்."

"ஏன்?"

"இங்கிலீஷ் அப்படித்தான். யோக்கியமான மொழி இல்ல."

அவள் ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்தாள். அந்த மழை விட ஒரு மணி நேரம் ஆயிற்று. ஆறு கண்ணாடியும் நிறைந்துபோய், பின் கண்ணாடிக்கு எட்டி எழுதியதில் எனக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. முன் வண்டி நகர்ந்தும் நாங்கள் நகராததால் பின்னால் ஹாரன் அடித்தார்கள். முட்டைக்கோஸ் மூன்று ரிங்கிட்டுக்கு வாங்கிக்கொண்டு வீடு திரும்பினோம்.

ஆங்கிலம் கற்பிக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். எதிரே உட்கார்ந்திருக்கிறவர் ஏற்கெனவே எந்த மொழியில் எழுதுகிறார் என்று முதலில் கேளுங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடுகிறது. புதன்கிழமை முழுக்க நாங்கள் செய்ததும் அதுதான். தொழிற்சாலையில் நடப்பதை அவள் தமிழில் சொன்னாள்: இலையை வாட்டுவது, உருட்டுவது, காற்றாட விடுவது, காய வைப்பது, சலித்துப் பிரிப்பது. ஒவ்வொன்றையும் சின்னச் சின்ன ஆங்கில வாக்கியமாக எழுதினாள். எழுதியதை உடனே சத்தமாகப் படிக்கச் சொன்னேன். வாய்க்குத் தடுக்குகிற இடத்தில் அவளாகவே நின்று திருத்தினாள். நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தச் சிரமம் எனக்குத்தான் தெரியும்.

வியாழன் காலை பத்து மணி. நானும் கூடவே போனேன். தோட்டத்துக்குள் போகிற சாலையில் ஒரு கார்தான் போகலாம், எதிரே லாரி வந்தால் யாராவது ஒருவர் பின்வாங்க வேண்டும். சரிவு முழுக்கத் தேயிலை, சீப்பால் வாரிவிட்ட தலை மாதிரி. இப்போது இரண்டு ஆள் பிடிக்கிற வெட்டு மெஷினால் கொழுந்தை எடுக்கிறார்கள், பெரும்பாலும் வங்கதேசத்து இளைஞர்கள். கண்ணாடிக் கூடத்தில் ஒரு பானை டீ எட்டு ரிங்கிட். அவ்வளவு அழகான இடத்தில் உட்கார்ந்துகொண்டு எனக்கு டீ இறங்கவே இல்லை. மூலை மேசையில் பரிமளா குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள்.

மேனேஜருக்கு முப்பத்தைந்து வயது இருந்தால் அதிகம். டி ஷர்ட்டும் ரப்பர் பூட்ஸுமாக நிற்கிற தமிழ்ப் பையனைத் தோட்டத்தில் இன்னும் 'தொரை' என்றுதான் சொல்கிறார்கள். அவர் தாளை வாங்கி நின்றபடியே படித்தார். கடைசிக்கு வந்ததும் சிரித்தார். பரிமளாவின் முகம் செத்துவிட்டது. ஆனால் அந்தச் சிரிப்பு சட்டென்று நின்றது. அவர் மறுபடி முதலிலிருந்து படித்தார். பிறகு தாளோடு என் மேசைக்கு வந்தார், பின்னாலேயே அவளும். நான் யார் என்று அவள் முதலிலேயே சொல்லியிருந்தாள்.

"டீச்சர், இந்தக் கடைசி வரி நீங்க சொல்லிக் குடுத்ததா?"

படித்தேன். மெஷினில் சி-யும் எச்-சும் இருந்தன. குவாலிட்டிக்கு வாலில் ஒய் இருந்தது. கடைசி வரி நாங்கள் பழகியதில் இல்லை. எங்கள் தேயிலை பல நாடுகளுக்குப் போகிறது, அதைப் பறித்த என் அம்மா ஈப்போ போயிருக்கிறார், இரண்டு தடவை. ஆங்கிலத்தில் இவ்வளவுதான் எழுதியிருந்தாள். ஈப்போ இந்த மலைக்குக் கீழே இருக்கிற டவுன்.

"இல்ல சார். நான் சொல்லிக் குடுத்திருந்தா ஈப்போவுக்கு முன்னால ஒரு 'டு' இருந்திருக்கும்" என்றேன்.

"'டு' போடணுமா அண்ணி?" என்று பரிமளா பேனாவை வாங்கி, இடுக்கில் அதைச் செருகினாள்.

"ஒண்ணாந்தேதியிலருந்து பூட்ஸ் போட்டு வந்துருங்க" என்றார் மேனேஜர். "இந்தப் பக்கத்த அச்சடிச்சு ஒவ்வொரு மேசையிலயும் வைக்கணும். அம்மாகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கங்க."

திரும்பும் வழியில் பரிமளா பாட்டுக் கூடப் பாடினாள், சுருதி சேராமல். வீட்டுக்கு வந்து அம்மாவின் டிவியை அமர்த்திவிட்டு, எழுதியதைத் தமிழில் படித்துக் காட்டினாள். அஞ்சலையம்மா கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

"எவ சொன்னா ரெண்டுன்னு? மூணு தடவ போயிருக்கேன்லா. பல்லு புடுங்கப் போனது கணக்குல வராதா?"

"அம்மா, அது ஆஸ்பத்திரிம்மா."

"ஆஸ்பத்திரி ஈப்போலதானே இருந்துச்சு? மூணுன்னு போடு. ஊர் உலகமே படிக்கும்ங்குற, பொய்யா எழுதுவ?"

பரிமளா உடனே மேனேஜருக்குப் போன் போட்டு, இரண்டை மூன்றாக்கச் சொன்னாள். நாங்கள் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம், அஞ்சலையம்மா உட்பட. முத்து கடையிலிருந்து ரொட்டியும் கோழிக்கறியும் கொண்டுவந்தான். பாய் காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டாராம்.

சனிக்கிழமை கிளம்பினேன். வந்த வழியே தாப்பா இறங்கி கோலாலம்பூர் போவதாகத்தான் இருந்தேன். தானா ராத்தா கவுன்டரில் நின்றபோது அஞ்சலையம்மாவின் மூன்று தடவை நினைவுக்கு வர, மனம் மாறி ஈப்போவுக்குச் சீட்டுக் கேட்டேன். அங்கிருந்து தலைநகருக்கு வேறு பஸ் பிடித்துக்கொள்ளலாம். இந்த வழி வடக்கே கம்போங் ராஜாவைத் தொட்டு, சிம்பாங் பூலாய் இறக்கத்தில் அகலமாகவே போகிறது. தலைசுற்றவில்லை. கொஞ்ச தூரம் பிளாஸ்டிக் கூரை போட்ட தோட்டங்கள், அப்புறம் காடு, அப்புறம் சுண்ணாம்புக் குன்றுகள். பேச்சுத் துணைக்கு யாரும் இல்லாததால் கையில் மணியைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

போக நினைக்கிறவர்களுக்காக விவரத்தைச் சொல்லிவிடுகிறேன். தானா ராத்தாவிலிருந்து ஈப்போ தொண்ணூறு கிலோமீட்டருக்குள்தான். கட்டணம் இருபத்திரண்டு ரிங்கிட். இரண்டு மணி நேரத்தில் கொண்டுவந்து இறக்கிவிடுகிறார்கள்.