மாக்கிரட் அக்காவின் சுடுதண்ணிப் போத்தல்

யார் வீட்டுக்குப் போனாலும் மாக்கிரட் அக்கா முதலில் பையிலிருந்து சுடுதண்ணிப் போத்தலை எடுத்து மேசையில் வைத்துவிடுவார். வீட்டுக்காரி அடுப்பைப் பற்றவைக்குமுன் மூடியைக் கழற்றி, அதற்குள்ளேயே ஊற்றிக் குடிக்கத் தொடங்கிவிடுவார். "எனக்கு வேண்டாம் பிள்ளை, நான் கொண்டந்தனான்." பிஸ்கட் தட்டை நீட்டினால் இரண்டு கையும் மடிக்குள் போய்விடும். என் தங்கை அகஸ்ரீனாவின் அடக்கத்தன்று அறுபது பேர் சாப்பிட்ட கோப்பைகளைத் தனியாளாகக் கழுவிக் கவிழ்த்தவர், வாசலில் நின்று தன் போத்தலிலிருந்து இரண்டு மிடறு குடித்துவிட்டுப் போனார்.

"பெருமை பிடிச்ச மனிசி" என்று பலெர்மோவில் எங்கள் ஆட்களுக்குள் பேச்சு.

மன்னார்ப் பேசாலையிலிருந்து இத்தாலிக்கு வந்து இருபத்துநான்கு வருடம். வயது ஐம்பத்தெட்டு. போர்கோ வெக்கியோ சந்தைக்குப் பின்னால் ஒற்றை அறை. நான்கு கட்டடங்களின் மாடிப்படிகளைக் கழுவுவது வேலை. ஒவ்வொரு படியையும் இரண்டு முறை துடைப்பார். யாராவது ஈரத்தில் மிதித்து ஏறினால் திட்டமாட்டார், அவர்கள் மறைந்ததும் மூன்றாம் முறை துடைப்பார்.

இன்னொரு வேலையும் உண்டு. அதைப் பற்றி யாரும் உரத்துப் பேசுவதில்லை. கருவைக் கலைக்க முடிவெடுத்த தமிழ்ப் பெண்களை அவர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறார். இங்கே தொண்ணூறு நாள் வரை சட்டத்தில் இடமுண்டு. ஆனால் தங்கள் மனச்சாட்சி இடம் தரவில்லை என்று எழுதிக் கொடுத்த டொக்டர்மார்தான் அதிகம். மிச்சமிருக்கும் ஓரிருவரிடம் திகதி கேட்டால், சிலருக்கு அது தொண்ணூறு நாளைத் தாண்டித்தான் கிடைக்கும். அப்படியானவர்களோடு மாக்கிரட் அக்கா நாப்போலிக்குக் கப்பல் ஏறுவார்.

எங்கள் இலங்கையில் இதற்கு உதவினவருக்கும் மறியல், சிறைதான். அந்தப் பயம் கடல் தாண்டியும் அவரோடு வந்திருந்தது. அதனால் முதல் தடவை போகுமுன் இலவச ஆலோசனை தரும் பெண் சட்டத்தரணி ஒருவரிடம் கேட்டார். ஆஸ்பத்திரிக்குத் துணை போவது குற்றமில்லை என்றார் அவர். மாத்திரை வாங்கிக் கொடுக்காதே; வதிவிடப் பத்திரம் இல்லாத பெண்களிடம் எந்த லாபமும் பெறாதே, பெற்றால் வழக்கு வேறு மாதிரிப் போகும். மாக்கிரட் அக்கா திருப்பிக் கேட்டது ஒன்றுதான்: "தேத்தண்ணி?" சட்டத்தரணி சிரித்திருக்கிறார். அந்தச் சிரிப்பை அவர் நம்பவில்லை. அன்றிலிருந்து யாரிடமும் எதையும் வாங்குவதில்லை. இன்றைக்குச் சும்மா தேத்தண்ணி தருகிறவள் நாளைக்கு உதவி கேட்டு வரக்கூடுமே!

அகஸ்ரீனா உயிரோடு இருக்கும்வரை இந்தப் பயணங்களில் கூடப் போவாள். கேலியும் அவள்தான் பண்ணுவாள். "அக்கா, ஒரு கோப்பைத் தேத்தண்ணிக்கு எத்தினை வரியம் மறியல்? சீனி போட்டால் கூடவோ?"

"சிரி, சிரி. நீதவான் தமிழனே? வீட்டுக்கு வந்த ஆளுக்குக் குடுக்கிறதும் கூலியும் வேற வேற எண்டு அவருக்கு ஆர் சொல்லிக் குடுக்கிறது?"

ஞாயிறு பூசையில் கடைசி வாங்கில் இருப்பார். நற்கருணை நன்மை வாங்க எல்லோரும் எழுந்து போகும்போது முழங்காலை ஒதுக்கி வழி விடுவார். தான் எழும்புவதில்லை. அதையும் வாங்கக்கூடாதென்று எந்தச் சட்டத்தரணி சொன்னார் என்று நான் கேட்டதில்லை.

போன மாசி மாதம் கேசினி என்ற வன்னிப் பிள்ளை வந்தாள். இருபத்தாறு வயது. கடவுச்சீட்டு இருந்தது, பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதி அட்டை இல்லை. எண்பத்தொரு நாள். இங்கே கிடைத்த திகதி தொண்ணூற்றிநாலாம் நாள், நாப்போலியில் எண்பத்துநாலு. அவளோடு இருந்த றமேஸ், விட்டுப் போய் ஒரு மாதமானவன், விசயம் கேள்விப்பட்டு மாக்கிரட் அக்காவுக்கு ஃபோன் எடுத்தான். அவர் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத் துடைப்பத்தைப் பிழிந்துகொண்டிருந்தார்.

"அன்ரி, உங்கட பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கக் குடுத்து ஏழு மாசமாம். நான் குவெஸ்தூராப் பொலிசிலை போய்க் கதைச்சால் அது என்னாகும் எண்டு தெரியும்தானே?"

"ஓம் தம்பி, போய்க் கதையும். கதைக்கேக்கை, மனிசி ஒருதரிட்டையும் ஒண்டும் வாங்கேல்லை எண்டதையும் சேர்த்துச் சொல்லும்."

ஃபோனை வைத்தபின் ஒரே படியை நாலு முறை துடைத்தார். பேசாலையில் அவருக்கு இப்போது வீடும் இல்லை, ஆளும் இல்லை. அந்த அட்டை கிடைக்காவிட்டால் எங்கே போவதென்று நான் கேட்கவில்லை. "நீ ஒருக்கா துறைமுகம் மட்டும் வாறியே?" என்று அவர்தான் கேட்டார். தங்கையின் இடத்துக்கு.

கப்பலுக்குப் போகும்போது அவருக்கு ஒரு முறை உண்டு. தன் டிக்கெட்டைத் தான் எடுப்பார். வருகிறவள் தன்னுடையதை எடுக்க வேண்டும். வரிசையில் இரண்டு பேரும் நாலடி தள்ளி நிற்பார்கள். யாராவது கேட்டால் முன்பின் தெரியாதென்று சொல்ல வேண்டும். முன்பெல்லாம் இடையில் நின்று இரண்டு பக்கமும் கதை கொடுப்பது அகஸ்ரீனா. எனக்கு அந்தக் கலகலப்பு வராது. பயணம் போகாத ஆள் என்பதால் வரிசைக் கயிற்றுக்கு வெளியே நின்றேன். அவர்களுக்கிடையில் அந்த நாலடி வெறுமையாகக் கிடந்தது.

வெயில் இன்னும் இருந்தது. கப்பல் வாசலில் பொலிஸ்காரர் இருவர் பத்திரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதைக் கண்டதும் கேசினி அப்படியே தரையில் குந்திவிட்டாள். காலையிலிருந்து வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை.

மாக்கிரட் அக்கா பார்த்தார். பிறகு நாலடியையும் நடந்து போய்ப் போத்தலைத் திறந்தார். "குடி பிள்ளை. மெல்ல மெல்ல."

கேசினி பாதி குடித்தாள். மூடியை இரண்டு கையாலும் திருப்பி நீட்டினாள். "மிச்சத்தை நீங்கள் குடியுங்கோ அன்ரி. நீங்களும் காலமையிலையிருந்து ஒண்டும் எடுக்கேல்லையே."

அதற்குள் பொலிஸ்காரரில் இளையவர் கிட்ட வந்துவிட்டார். கேசினியையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்து, இத்தாலியனில் மரியாதையாகத்தான் கேட்டார்: "சின்யோரா, நீங்கள் இரண்டு பேரும் ஒன்றாகவா போகிறீர்கள்?"

மாக்கிரட் அக்கா அந்தப் பிள்ளையின் கையிலிருந்து மூடியை வாங்கி, பொலிஸ்காரர் பார்த்திருக்க, கடைசிச் சொட்டுவரை குடித்தார்.