ஆடிப்பூரத்துக்கு லீவு விடாத ஊர்

பஸ் ஸ்ரீவில்லிபுத்தூர் நிலையத்துக்குள் திரும்பி நிற்பதற்குள் கனகலட்சுமியின் கைக்குட்டை ஜன்னல் வழியாக என் மடியில் வந்து விழுந்துவிடும். ராஜபாளையத்தில் ஏறி டி.கல்லுப்பட்டி வங்கிக்கு வேலைக்குப் போகிறவள் நான். அதை எடுத்துப் பக்கத்து இருக்கையில் விரித்துவிட்டு, உட்கார வருகிறவர்களிடம் "ஆள் வருது" என்பேன். ஆள் வரும். தோளில் புத்தகப் பை, கையில் ஊறுகாய்ப் பாட்டில், முகமெல்லாம் வியர்வை. "இடம் கெடச்சிருச்சுல்லா அக்கா" என்று ஏதோ எனக்கு இடம் பிடித்துக் கொடுத்த மாதிரி உட்காருவாள்.

சுந்தரபாண்டியத்துக்காரி. மதுரைக்கு அந்தப் பக்கம் பெரிய அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் புள்ளியியல் முதுகலை, இரண்டாம் வருஷம். சனிக்கிழமை வீடு, திங்கட்கிழமை விடுதி.

சேர்க்கைக்குக் கூடப் போன அவள் அப்பா கண்ணுச்சாமி, வளாகத்தைப் பார்த்ததும் படிப்பை மறந்துவிட்டாராம். "இம்புட்டு நெலத்தையும் தரிசாப் போட்டு வச்சிருக்காவளே, ஒரு போகம் உளுந்தாவது வெதைக்கலாம்லா" என்று ஊர் வந்து சேரும்வரை புலம்பியிருக்கிறார். மகளுக்கு வேறு கஷ்டம். முதல் வாரம் கட்டடம் மாறி விலங்கியல் வகுப்பில் போய் உட்கார்ந்துவிட்டாள். மண்புழுவைப் பற்றி ஒரு மணி நேரம் பாடம், குறிப்பும் எடுத்துக்கொண்டாள். ஏன் எழுந்து வரவில்லை என்று கேட்டேன். "பாதியில எந்திரிச்சா அவிய மனசு கஷ்டப்படும்லா அக்கா."

அத்தனை ஆயிரம் பேர் நடமாடும் இடத்தில் யாரும் யாரையும் விசாரிக்காதது அவளுக்குப் பொறுக்கவில்லை. "நேருக்கு நேரா வந்தாலும் எந்த ஊருன்னு கேக்க மாட்டேங்காவ" என்பாள். அதனால் இவளே கேட்கத் தொடங்கினாள். காவலாளி, ஜெராக்ஸ் கடைக்காரர், நூலகத்தில் அடுக்குகிறவர் யாரையும் விடுவதில்லை. அப்படித்தான் தர்மபுரிக்காரி யுவராணி இவளுக்கு அறைத்தோழி ஆனாள். ஊர் கேட்ட கையோடு இவள் ஊறுகாயும் கொடுத்திருப்பாள்.

இந்த ஆடியில் வந்தது வினை. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரோட்டத்தன்று எங்கள் மாவட்டத்தில் பள்ளிக்கூடம், ஆபீஸ் எதுவும் திறக்காது. பிறந்ததிலிருந்து அதையே பார்த்தவள், உலகமே அன்றைக்குப் பூட்டிக்கொள்ளும் என்று நினைத்துவிட்டாள். மாவட்ட எல்லையைத் தாண்டினால் அது வெறும் திங்கட்கிழமை. போன வருஷம் ஆடியில் வகுப்பே தொடங்காததால் இது தெரியாமல் போயிற்று. அந்தத் திங்கட்கிழமைதான் இன்டர்னல் தேர்வு என்று பேராசிரியை ஆனந்தவல்லி அறிவித்திருக்கிறார். யுவராணிக்குச் சந்தேகம். இவள்தான் "தேரன்னைக்கா? மறந்து சொல்லிருப்பாவ. தள்ளி வச்சிருவாவ" என்று அடித்துச் சொல்லி, அவளையும் கூட்டிக்கொண்டு வந்து வடம் பிடிக்க வைத்துவிட்டாள். அங்கே தேர்வு சொன்னபடி நடந்து முடிந்துவிட்டது. எல்லைக்கு அந்தப் பக்கம் வங்கி வேலை பார்க்கும் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அடுத்த வாரம் பஸ்ஸில் இதைச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

"எனக்குப் போனாப் போவுது அக்கா. அவளுக்கு மார்க்கு கொறஞ்சா அவ அப்பா படிப்ப நிறுத்தி மாப்பிள்ளை பாத்துருவாரு. என்னைய ஒரு வார்த்தை திட்டல அவ. திட்டியிருந்தாக்கூட நல்லாருந்திருக்கும்."

அன்றே பேராசிரியையிடம் போய் நின்றிருக்கிறாள். தப்பு என்னுடையது, அவளுக்கு மட்டுமாவது மறுபடி வையுங்கள் என்று கேட்டிருக்கிறாள். அவர் யோசித்துவிட்டு, "ஊர் தெரியாத பிள்ளை உன்னை நம்பி வந்துச்சு. அதுக்கு வைக்கிறேன். உனக்கு இல்ல" என்றாராம். மீதமுள்ள இரண்டு இன்டர்னல் தேர்விலும் இவள் நிறைய வாங்கினால்தான் இனிக் கரையேற முடியும்.

நேற்று அந்த மறுதேர்வு நாள். உட்கார்ந்ததும் உட்காராததுமாக விடுதிக்கு போன் போட்டாள். "ஏட்டி, எந்திரிச்சிட்டியா? மூணாவது பாடத்துல இருந்து கேக்கேன், சொல்லு." கிருஷ்ணன்கோவில் வந்தது, அழகாபுரி வந்தது, கேள்வி ஓயவில்லை. கண்டக்டர் சில்லறை கேட்டு அலுத்து, என்னிடம் வாங்கிக்கொண்டு போனார். முன் இருக்கைப் பெரியவர் திரும்பி முறைத்தார். அவரிடம் எந்த ஊர் என்று கேட்கக்கூட அவளுக்கு நேரமில்லை.

கல்லுப்பட்டியில் நான் எழுந்ததும், யாருக்கு வழி விடுகிறோம் என்றுகூடப் பார்க்காமல் ஜன்னலோரம் நகர்ந்துகொண்டாள். இறங்கி நின்று வெளியிலிருந்து பார்த்தேன். போனின் அந்தப் பக்கத்தில் யுவராணி எங்கோ தடுமாறியிருக்க வேண்டும். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, "பதறாத, நானும் போடுதேன், கூடவே வா" என்று சொல்லியபடி, தூசி படிந்த ஜன்னல் கண்ணாடியில் விரலால் அந்தக் கணக்கை முதல் வரியிலிருந்து போட ஆரம்பித்தாள்.