அப்பாவின் முட்டிச் சில்லு

அந்த எலும்புச் சிற்றாலயத்துக்குள் அப்பாவை முதுகில் சுமந்துகொண்டுதான் நுழைந்தேன். மிகை இல்லை. முதுகுப் பையில், என் ஸ்வெட்டரில் சுற்றிய கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டியில் அவருடைய அஸ்தி இருந்தது. அமெரிக்காவில் நாங்கள் குடியிருக்கும் பிளெய்ன்ஸ்பரோவிலிருந்து சென்னைக்குக் கொண்டுபோகும் வழியில், நானும் மனைவியும் செக் நாட்டின் பிராக்கில் இரண்டு நாள் இறங்கியிருந்தோம். அங்கிருந்து ஒரு மணி நேர ரயில் தூரத்தில் பழைய வெள்ளிச் சுரங்க ஊர் ஒன்று. அதன் ஓரத்தில் மனித எலும்புகளால் அலங்கரித்த கிறிஸ்தவ ஆலயம். போகலாம் என்றது நான்தான். பயந்தாங்கொள்ளிகள்தான் இந்த மாதிரி இடங்களை முந்திக்கொண்டு தேர்ந்தெடுப்பார்கள். பெட்டியை ஓட்டலில் வைத்துவிட்டுப் போகலாம் என்றேன். மனைவி ஒப்பவில்லை.

"ரூம் கிளீன் பண்ண வர்றவங்க தெறந்து பாத்தா? மாமாவத் தனியா விட்டுட்டு என்னால வர முடியாது. தூக்குங்க."

தூக்கினேன். உயிரோடு இருந்தபோது அவரை இவ்வளவு இடங்களுக்குக் கூட்டிப்போனதில்லை.

ஆறு மாதம் எங்களோடு இருக்க வந்த அப்பா, ஐந்தாம் மாதம் ஒரு காலையில் சோபாவிலேயே போய்விட்டார். எங்கள் வழக்கப்படி, எரித்த மறுநாள் மகன் போய்ப் பால் தெளித்து, காலில் தொடங்கித் தலைவரை எலும்புகளைக் கையால் பொறுக்க வேண்டும். தகனக்கூடத்திலிருந்து எனக்கு வந்தது ஒரு போன். ரெடி, ஒன்பதிலிருந்து ஐந்துக்குள் எப்போது வேண்டுமானாலும் வந்து வாங்கிக்கொள்ளலாம். வெளுக்கப் போட்ட கோட்டை வாங்குவதுபோலக் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். உள்ளே எலும்பு இல்லை. மெஷினில் அரைத்த, சாம்பல் நிற மாவு.

அன்று சித்தப்பா சென்னையிலிருந்து கூப்பிட்டார். விசா கிடைக்காததால் அண்ணன் முகத்தைக் கடைசியாகப் பார்க்க வர முடியாதவர்.

"எலும்பெல்லாம் ஒழுங்கா பொறுக்கினியாடா?"

அந்தக் குரலுக்குப் பயந்து, "பொறுக்கிட்டேன் சித்தப்பா" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். பயந்தால் என் வாய் நிற்காது. "முட்டிச் சில்லு அப்படியே முழுசா வந்துது" என்று சேர்த்தேன். அப்பாவின் முட்டி எங்கள் குடும்பத்தில் பிரசித்தம். ஒவ்வொரு மாடிப்படியிலும் அதைத் திட்டிக்கொண்டே ஏறுவார். சித்தப்பா அழுதுவிட்டார். "ராமேஸ்வரத்துல கரைக்கறதுக்கு முன்னால ஒரு தடவ கையில வாங்கிப் பாத்துடறேன்டா" என்றார். எட்டு மாதம், ஒவ்வொரு போனிலும் அந்தச் சில்லை விசாரித்தார். நானும் சௌக்கியம் என்றே சொல்லிவந்தேன்.

ஆலயத்துக்குள் குளிர்ந்தது. கூரையிலிருந்து எலும்புச் சரவிளக்கு தொங்கியது. வளைவுகளில் மண்டையோடுகளைத் தோரணமாகக் கோத்திருந்தார்கள். மூலைகளில் ஆள் உயரத்துக்கு மேல் அடுக்கிய குவியல்கள். கொள்ளைநோயில் செத்தவர்கள், போரில் செத்தவர்கள் என்றது வாசலில் கொடுத்த கையேடு. எனக்கு அவர்கள்மேல் பொறாமையாக இருந்தது. இத்தனை நூறு வருஷம் கழித்தும் அவர்களுடைய தொடை தொடையாக, தோள் தோளாக இருந்தது. என் முதுகில் அப்பா மாவாக இருந்தார்.

அப்போதுதான் அதைப் பார்த்தேன். சுவரோரம், கைக்கு எட்டும் உயரத்தில், உள்ளங்கையில் அடங்கும் வட்டமான ஒரு துண்டு. அது முட்டிச் சில்லுதானா என்று கம்ப்யூட்டர் தட்டிப் பிழைக்கிற எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் மூன்று நாளில் ராமேஸ்வரம். சித்தப்பா கையை நீட்டுவார். சுவர்ப்பக்கம் ஓர் அடி நகர்ந்தேன். வாசலில் பையைச் சோதித்தால் என்ன சொல்வது என்பதுவரை யோசித்துவிட்டேன்: மாவு எங்களோடது, சில்லு மட்டும்தான் உங்களோடது.

"கைய பாக்கெட்ல போடுங்க" என்றாள் மனைவி, மெல்ல.

"நான் ஒண்ணும் பண்ணலயே."

"இருபத்தாறு வருஷமா பாக்கறேன். எதையாவது இப்படி மொறச்சுப் பாத்தீங்கன்னா ஒண்ணு திங்கப் போறீங்க, இல்ல தப்பு பண்ணப் போறீங்க. இது திங்கற ஐட்டம் இல்ல." பிறகு அவள் குரல் இறங்கியது. "அது யாரோட அப்பாவோங்க."

வெளியே, கல்லறைகளுக்கு நடுவில் ஒரு பெஞ்சில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தூறிக்கொண்டிருந்தது. அவளே சித்தப்பா நம்பரைப் போட்டுப் போனை நீட்டினாள்.

"சித்தப்பா, முட்டி இல்ல" என்றேன். "எதுவுமே முழுசா இல்ல. அரைச்சுதான் குடுத்தாங்க. நான் பொறுக்கவே இல்ல."

அவர் வீட்டு டிவி மட்டும் கேட்டது. வைத்துவிட்டாரோ என்று திரையைப் பார்த்தேன். வைக்கவில்லை.

"எல்லாமேவா?"

"எல்லாமே."

"அரைக்கும்போது நீ கூட இருந்தியா?"

"இல்ல சித்தப்பா. ஆபீஸ்ல இருந்தேன்."

இதற்கும் ஒரு ஜோக் வாய்வரை வந்தது. விழுங்கினேன்.

"சரி, ஜாக்கிரதையா எடுத்துட்டு வா" என்று வைத்துவிட்டார்.

ராமேஸ்வரத்தில், இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு பெட்டியைத் திறந்து சித்தப்பாவிடம் நீட்டினேன். அவர் கையை நீட்டவில்லை. உள்ளே எட்டியும் பார்க்கவில்லை.

"நீயே போடு" என்றார்.