பாதி மீசை

என் வீட்டுக்காரர் முடி திருத்துகிறவர். கத்தரி ஓய்ந்தாலும் வாய் ஓயாது. போன மாதம் ஒரு வாடிக்கையாளருக்குப் பாதி மீசையை மட்டும் ஒதுக்கி அனுப்பிவிட்டார். அந்த ஆள் திரும்பி வந்து சண்டை போட்டபோது, "முழுசாத்தானே முடிச்சேன்" என்று சாதித்தார். வீட்டிலும் தட்டில் பாதிச் சாப்பாட்டை அப்படியே விட்டுவிட்டு, இன்னும் பசிக்கிறது என்றார். எப்போதும்போல அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்து நான் ஏதாவது கேட்டால் பதிலே கிடையாது. வீம்பு என்று நினைத்து நானும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

கடைசியில் நரம்பு டாக்டரிடம் கூட்டிப் போனேன். ஊசி போடுவார் என்று இவர் பயந்துகொண்டே வந்தார். டாக்டரோ சின்னச் சுத்தியலால் முழங்காலைத் தட்டினார், நேர்கோட்டில் நடக்கவிட்டுப் பார்த்தார். பிறகு ஒரு தாளைக் கொடுத்துக் கடிகாரம் வரையச் சொன்னார். இவர் பன்னிரண்டு எண்களையும் வலப்பக்கத்திலேயே நெருக்கி எழுதிவிட்டு, வாடிக்கையாளரின் துணியை உதறுவதுபோல் தாளை உதறி நீட்டினார்.

டாக்டர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவரிடம் கேட்டார். "உங்ககூட யாரு வந்திருக்காங்க?"

"என் சம்சாரம்தான். வாசல் வரைக்கும் வந்தா, அப்புறம் ஆளைக் காணோம்." குரலைத் தாழ்த்தினார். "ஒரு மாசமாவே இப்படித்தான் டாக்டர். பக்கத்துல வந்து உக்கார்றதே இல்ல. என்ன கோவமோ."

அவருடைய இடது கை என் மடியில், என் இரண்டு கைகளுக்குள் இருந்தது.