நாறியது என் பூ, திட்டு பாய்க்கு

ஓசூரில் கம்பெனி வேலைக்குச் சேர்ந்த புதிதில், வேப்பனப்பள்ளிப் பக்கம் தோண்டி எடுத்த காட்டுக் கருணைக் கிழங்கை மணலும் எருவும் கலந்த தொட்டியில் நட்டு, லைன் வீட்டு நடையில் வைத்தேன். கோடை மழைக்கு, இலை வரும் முன்பே, வெறும் மண்ணிலிருந்து கருஞ்சிவப்பு மடலோடு பூத்தது. அன்று நான் ஷிப்டில் இருந்தேன்.

திரும்பி வந்தால், வீட்டுக்காரர் பக்கத்து வீட்டு வாசலில் கத்திக்கொண்டிருந்தார்.

“யோவ் பாய், கறிய அழுகப் போட்டுட்டு ஒக்காந்திருக்கியா? நாளைக்கே வீட்டக் காலி பண்ணு!”

“இந்த வாரம் கறியே எடுக்கலீங்க,” என்று லேத் வேலை செய்யும் அந்த பாய் கெஞ்சினார். உள்ளே அவர் மனைவி, கழுவிய சட்டிகளையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்காரரை இழுத்துவந்து தொட்டி முன் நிறுத்தினேன். “மோந்து பாருங்க! ஈ வரணும்னு இந்தப் பூவே இப்பிடிப் பிண நாத்தம் அடிக்கும்.”

மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார். “அட, பூவா! நீங்க படிச்ச புள்ள, வெச்சுக்குங்க தம்பி.”

பாயிடம் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை. என்னைக் காலி பண்ணச் சொல்லவுமில்லை. அதை நினைத்தால் இன்னும் எரிகிறது.

இப்போதெல்லாம் மொட்டு தெரிந்ததுமே வீட்டுக்காரரை அழைத்துக் காட்டிவிடுகிறேன். இதை வளர்க்கும் வாசகர்களும் அப்படியே செய்யுங்கள். நாற்றம் வந்தால் முதலில் யார் கதவைத் தட்டுவார்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.